பாட்டால் நடக்கும் நாடகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருச்சி தில்லை நகரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தில்லை என்னும் சொல்லைச் செவிமடுத்தவுடன் தமிழ் நெஞ்சில் இருவர் தோன்றுவர். ஆடுகின்ற கூத்தன் ஒருவன். அவனைக் காண நாளை போவோம், நாளை போவோம் என்று ஏங்கிய நந்தன் மற்றொருவன். கூத்தனுக்குக் கோயில் இருக்கிறது. நந்தனை வீதிதோறும், ஊர்தோறும் கொண்டு சேர்த்ததோ ஒரு பாட்டு நூல். அந்நூலை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றி உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று, கவிஞர்கள் கூடியுள்ள இவ்வரங்கில் நினைக்கத் தக்கது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். பிள்ளையவர்கள் திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்து, இவ்வூரிலேயே தமிழ் பயின்று புகழ் பெற்றவர். தலபுராணங்கள் பலவற்றின் ஆசிரியர். கீர்த்தனங்களில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தமையால் பாயிரம் தர அவர் உள்ளம் இசையவில்லை. நாள்கள் பல கழிந்தன. பாரதியார் சலிக்காது வந்து வந்து திரும்பினார். ஒருநாள் பிள்ளையவர்கள் வீட்டினுள் இருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனங்களைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளிருந்து அதனைக் கேட்ட மகாவித்துவானின் உள்ளம் உருகிற்று. அதன்பின் பாயிரம் பிறந்தது.

ஏட்டில் படித்தபோது குறையுடையதாய்த் தோன்றிய ஒன்று, குரலில் கேட்டபோது நிறைவுடையதாய் நின்றது. இந்நிகழ்ச்சியில் பாரதியாரும் தோற்கவில்லை, பிள்ளையவர்களும் தோற்கவில்லை. படிக்கும் கவிதைக்கும் பாடி நடிக்கும் கவிதைக்கும் அளவுகோல் வேறு என்னும் உண்மையே வென்றது. அந்த அளவுகோல் யாது? அதனைத் தமிழ்க் கவிஞர் அறிந்து போற்றினரா? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

கூட்டுக் கலை

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்துச் சொல்வது வழக்கம். மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது என்ன நிகழ வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தெளிவாகக் காட்டுகிறது. மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், மாதவியைப் புகழ்வதோடு நிற்கவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பின்னரே ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கையும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் அமைக்கிறார். இத்துணைப் பேரும் பொருந்திய பின்னரே மாதவி வலக்கால் எடுத்து வைக்கிறாள்.

இப்பட்டியலில் புலவன் தலைவன் அல்லன், பலருள் ஒருவன். ஆயினும் அவனின்றி அரங்கு இல்லை. இசையாசிரியன் புலவனின் கருத்தை அறிந்து இசைக்க வேண்டும் என்பதும், புலவன் நாடக நூலையும் இயலிசை நெறிகளையும் உணர்ந்திருக்க வேண்டும் என்பதும் அக்காதையின் உட்கிடை.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரத்து பிராட்வே அரங்குகளில் இசை நாடகம் உலகப் புகழ் பெற்றது. அங்கும் கதையுரை எழுதுவோர், பாட்டெழுதுவோர், இசையமைப்போர், நடனம் அமைப்போர், இயக்குவோர் எனப் பலர் கூடியே ஒரு நாடகத்தை உருவாக்கினர். தொடக்கத்தில் அங்கும் பாட்டு வேறு, கதை வேறாகவே இருந்தன. நகைச்சுவைத் துணுக்குகளுக்கும் அழகியரின் ஆட்டத்துக்கும் இடையே, கேட்டவர் வாயில் நிற்கும் பாட்டொன்று வந்து போகும். அப்பாட்டைக் கழற்றி வேறு நாடகத்தில் மாட்டினாலும் இரண்டுக்கும் சேதமில்லை.

இந்நிலையை மாற்றிய படைப்புகளுள் தலையாயது 1927 டிசம்பரில் அரங்கேறிய 'ஷோ போட்'. ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதினார். ஆற்றில் மிதந்து ஊர்தோறும் செல்லும் நாடகப் படகு ஒன்றின் கதை அது. கறுப்பர் குருதி கலந்தவள் என்று தெரிந்தவுடன் ஒரு நடிகை மேடையை விட்டு நீங்க நேரும் கொடுமையை அந்நாடகம் பாட்டோடு சேர்த்துச் சொன்னது. பின்னர் 1943 மார்ச் 31 அன்று, ரிச்சர்டு ராட்ஜர்ஸ் இசையில் ஹாமர்ஸ்டைன் எழுதிய 'ஓக்லஹோமா' அரங்கேறிற்று. திரை உயர்ந்தவுடன் ஆடலழகியர் வரிசை வரவில்லை. வெண்ணெய் கடையும் மூதாட்டி ஒருத்தி தனியே அமர்ந்திருக்க, மறைவிலிருந்து ஓர் இளைஞனின் பாட்டு மட்டும் கேட்டது. அந்நாடகம் தொடர்ந்து 2,212 முறை நடிக்கப் பெற்றது. பாட்டை எடுத்துவிட்டால் கதை நகராது என்ற நிலை அங்கு உறுதிப்பட்டது அப்போதுதான்.

காவிரிக் கரையின் மரபு

அமெரிக்கர் 1943இல் உறுதிப்படுத்திய இந்நெறியின் வித்து, அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே காவிரிக் கரையில் விழுந்திருந்தது. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகம், கம்பனின் காப்பியத்தைத் தருக்களாகவும் விருத்தங்களாகவும் மாற்றிற்று. கம்பராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் திருவரங்கத்திலேயே இராம நாடகமும் அரங்கேறியது என்பது வழிவழிச் செய்தி. கம்பனின் செய்யுளைக் கற்றோர் படித்தனர். கவிராயரின் தருவைக் கல்லாதோரும் பாடினர்.

நந்தனார் சரித்திரத்தில் பாரதியார் செய்த புதுமை இன்னும் ஆழமானது. சேக்கிழார் திருநாளைப்போவார் வரலாற்றை நாற்பதுக்கும் குறைந்த பாடல்களில் அமைத்தார். அங்கே நந்தனைத் தடுக்கும் பண்ணையார் இல்லை. பாரதியாரோ வேதியர் என்னும் ஆண்டையைப் படைத்து, அவர்முன் நந்தனை நிறுத்தினார். விடை கேட்டு நிற்பவன் ஒருவன். விடை மறுப்பவர் ஒருவர். இருவருக்கும் தனித்தனிப் பாட்டு, தனித்தனிச் சொல். அந்நூல் கதாகாலட்சேபத்துக்கென எழுந்ததாயினும், எதிரெதிர்க் குரல்கள் மோதும்போதே நாடகம் பிறக்கும் என்னும் உண்மையை அது கண்டுகொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மராத்திய, பார்சி நாடகக் குழுக்கள் தமிழகம் வந்தன. தீட்டிய திரைகளும் ஆர்மோனியமும் புதிய மெட்டுகளும் அவற்றோடு வந்தன. அச்சூழலில் தோன்றியவர் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் பயின்றமையால் சந்தமும் வண்ணமும் அவருக்குக் கைவந்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, இலவகுசா, அபிமன்யு சுந்தரி என அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை. அதுவரை நடிகர் தம் மனம்போனபடி பேசிவந்த மேடையில், உரையாடலையும் பாட்டையும் எழுத்தில் வரையறுத்து ஓர் ஒழுங்கைக் கொணர்ந்தவர் அவர். அபிமன்யு சுந்தரி முழுவதையும் அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணாக்கர் தி.க. சண்முகம் தம் தன்வரலாற்றில் வியந்துரைக்கிறார்.

திருச்சிராப்பள்ளிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் 1914இல் இவ்வூரில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவினார். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த தியாகராஜன் என்னும் சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் உலோகிதாசனாக அவனை மேடையேற்றினார். அச்சிறுவனே பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆனார். அவருக்குத் திருச்சியில் இன்று மணிமண்டபம் உண்டு. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலை முதலில் இனங்கண்டு மேடைக்கு ஆற்றுப்படுத்தியவரும் நடேச ஐயரே என்பர்.

பாட்டின் தொழில்

நாடகப் பாட்டின் அளவுகோலை இனி எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, எப்போது பாடுவது என்பது. பேச்சு போதாத இடத்திலேயே பாட்டு எழ வேண்டும். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான். பின்னர் முதியவனாக வருகிறான். பேச்சாகத் தொடங்கும் வாதம் சூடேறி, பேச்சில் அடங்காதபோது தருக்கப் பாட்டாகிறது. ஒருவர் வினாவைப் பாட, மற்றவர் அதே மெட்டில் விடையைப் பாடுவர். பாட்டு முடியும்போது இருவரும் தொடங்கிய இடத்தில் இல்லை; அவர்களிடையே ஏதோ ஒன்று மாறியிருக்கும். மாற்றம் நிகழாத பாட்டு, எத்துணை இனிதாயினும், நாடகப் பாட்டு அன்று.

இரண்டாவது, யாருடைய குரல் என்பது. 1957இல் அரங்கேறிய 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' நாடகத்துக்குப் பாட்டெழுதியவர் அப்போது இளைஞராயிருந்த ஸ்டீபன் சாண்ட்ஹைம் (1930–2021). புதிதாகக் குடியேறிய ஏழைப் பெண் ஒருத்திக்கு அவர் எழுதிய பாட்டில் உள்ளெதுகைகள் மின்னின. கேட்டோர் மகிழ்ந்தனர். ஆனால் அத்தகைய சொற்சாமர்த்தியம் அப்பெண்ணுக்கு ஏது என்று சக கவிஞர் ஒருவர் சுட்டிக்காட்ட, சாண்ட்ஹைம் நாணினார். அப்பாட்டைப் பற்றிய மனக்குறையை வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். எதுகையும் மோனையும் மடக்கும் திரிபும் தமிழ்க் கவிஞரின் செல்வம். எனினும் அச்செல்வத்தைத் தினைப்புனம் காக்கும் பெண்ணின் வாயில் எந்த அளவு வைப்பது? கவியரங்கில் கவிஞர் தம் குரலில் பேசுகிறார். ஈரடிக்கொரு முறை கைதட்டல் எழுகிறது. நாடகப் பாட்டிலோ கவிஞர் மறைய வேண்டும். கைதட்டல் பாத்திரத்துக்கு உரியது.

மூன்றாவது, வாய்க்கு இயைந்த எழுத்து. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை குரல் செல்ல வேண்டியிருந்தது. உச்சத்தில் நிற்கும் சுரத்துக்கு ஆ, ஏ, ஓ போன்ற நெடில் வேண்டும். அங்கே வல்லொற்றில் முடியும் சொல்லை வைத்தால் பாடுவோரின் நாதம் அடைபட்டுப்போம். ஹாமர்ஸ்டைன் தம் பாட்டொன்று வல்லின ஒலியில் முடிந்தமையால் பாடகியின் குரல் விரிய இடமின்றிப் போயிற்று என்று தாமே பிழை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரல் காற்றில் நீண்டு நின்றதற்கு அவர் தொண்டை மட்டுமே காரணமன்று. அவர் பாடிய வரிகளில் அக்குரல் நிற்க இடம் இருந்தது.

நான்காவது, மெட்டு முதலா, சொல் முதலா என்பது. ராட்ஜர்ஸ் தம் முதல் துணைவரான லோரன்ஸ் ஹார்ட்டுடன் பணியாற்றியபோது பெரும்பாலும் மெட்டை முதலில் அமைத்தார். ஹாமர்ஸ்டைனுடன் சேர்ந்தபோது சொல்லை முதலில் பெற்றார். இருவழியிலும் நல்ல பாட்டுகள் பிறந்தன. சுவாமிகள் காலத்துத் தமிழ் மேடையில் மக்கள் அறிந்த காவடிச்சிந்து, திருப்புகழ்ச் சந்தம், பார்சி மெட்டு ஆகியவற்றில் சொல்லை இருத்தும் வழக்கம் ஓங்கியிருந்தது. மெட்டு பழகியதாயின் கேட்போரின் கவனம் சொல்லின்மேல் செல்லும். இது அவ்வழக்கத்தின் நன்மை. மெட்டுக்காகச் சொல்லைப் பிதுக்குவதும் அசைச்சொற்களால் நிரப்புவதும் அதன் தீமை. முதலில் எது வந்தது என்பது கேட்போருக்குத் தெரியாதவாறு இரண்டும் பொருந்த வேண்டும்.

தேய்ந்தது எவ்வாறு?

இத்துணை வளமுடைய மேடை ஏன் தேய்ந்தது? திரைப்படமே காரணம் என்பது பொதுவான விடை. 1931இல் 'காளிதாஸ்' வந்தது. 1934இல் பாகவதரின் 'பவளக்கொடி' ஏறத்தாழ ஐம்பது பாட்டுகளோடு திரையேறிற்று. கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். சுந்தராம்பாள் மேடையை விட்டகன்று, பின்னர் 1935இல் திரையில் நந்தனாக நடித்தார். மேடையின் குரல்கள் யாவும் திரைக்குச் சென்றன. மேடையில் எஞ்சியோர் உரைநடை நாடகத்தைப் பற்றினர். இவை மெய்யே.

ஆயினும் பேசும் படம் அமெரிக்காவிலும் 1927இலேயே வந்துவிட்டது. அங்கே இசை நாடகம் அதன் பின்னரே உச்சம் கண்டது. ஆகவே திரையை மட்டும் பழிப்பது முறையன்று. தமிழ் மேடையின் உள்ளேயே ஒரு நோய் இருந்தது. பாட்டு கச்சேரியாயிற்று. இராஜபார்ட் நடிகர் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிரவலும் சுரமும் பாட, ஆர்மோனியக்காரர் போட்டியாக வாசிக்க, 'ஒன்ஸ்மோர்' குரல் எழ, காட்டில் இறந்து கிடக்கும் கணவனின் அருகே சாவித்திரி காத்துக்கொண்டிருப்பாள். கதைக்குத் தொடர்பில்லாத கீர்த்தனங்களும் நுழைந்தன. சுவாமிகள் எழுத்தில் கட்டிய ஒழுங்கு குரலின் வெள்ளத்தில் கரைந்தது.

மற்றொரு நோய் இன்னும் கொடியது. மருத்துவர் குலத்தில் பிறந்த எஸ்.எஸ். விஸ்வநாததாஸ், நாட்டு விடுதலைப் பாட்டுகளை முருகன் வேடத்தில் நின்று பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவருடைய குலம் கருதி அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. அவர் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மேல் அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். படகு மேடையை விட்டு நீங்கிய நடிகையின் துயரை அமெரிக்கர் நாடகமாக எழுதினர். தமிழ் மேடையிலோ அத்துயர் திரைக்குப் பின்னே நிகழ்ந்தது. அதனைப் பாட்டாக்கிய நாடகம் எழவில்லை. நந்தனுக்காக உருகிய மேடை, தன்னிடத்து நின்ற நந்தனை எழுத மறந்தது.

மூன்றாவது குறை கற்றோருடையது. சுவாமிகளின் நாடகங்கள் சந்தைப் பதிப்புகளாகப் பிழை மலிய அச்சேறின. பல கிடைக்காமலே போயின. அமெரிக்க நாடகங்களின் சொல்லும் இசைக்குறிப்பும் உரிமைப் பதிவோடு அச்சில் காக்கப்பட்டன. பள்ளி மாணவரும் அவற்றை எடுத்து நடிக்க முடிந்தது. இங்கே சங்க நூலுக்கு ஓலை தேடிய ஊக்கம், மேடைப் பாட்டுக்குத் தாள் தேட எழவில்லை. தனிப்பட்ட சிலர் முயன்றனர். புலமை உலகம் பொதுவில் வாளாவிருந்தது.

இன்றும் வாழ்வது

ஆயினும் அம்மரபு முற்றும் அழிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. கோயில் கொடைகளிலும் திருவிழாக்களிலும் 'ஸ்பெஷல் நாடகம்' விடியும்வரை நடக்கிறது. அதன் அமைப்பு வியப்புக்குரியது. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோர் ஊர்களிலிருந்தும் வந்து சேர்கின்றனர். ஒத்திகை இல்லை; இயக்குநர் இல்லை. மாலையில் சந்திப்போர் இரவில் வள்ளி திருமணத்தை நடத்திவிடுகின்றனர். இஃது எவ்வாறு கூடும்? எல்லாருடைய நெஞ்சிலும் ஒரே பனுவல் இருப்பதால்தான் கூடும். நூற்றாண்டுக்கு முன் ஒரு கவிஞர் எழுதிய சொற்கள், முன்பின் அறியாத கலைஞர்களை ஒரே இரவில் ஒரு குடும்பமாக்குகின்றன. எந்தக் கவிதைத் தொகுப்புக்கு இப்பேறு வாய்த்தது? ஆயினும் அக்கவிஞரின் பெயர், கவிதை வரலாறு சொல்லும் நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

பத்தாண்டு நிறைவு என்பது பாராட்டுக்கு மட்டும் உரிய நாளன்று. அடுத்த பணியைத் தெரிந்துகொள்ளவும் உரியது. ஓர் இலக்கிய வட்டம் செய்யத்தக்க பணிகள் இரண்டு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவே. முதிய ஆர்மோனியக் கலைஞர்களும் ஸ்திரீபார்ட் கலைஞர்களும் நெஞ்சில் வைத்திருக்கும் பாட்டுகளைக் கைப்பேசியிலேயே இன்று பதிவு செய்யலாம். அச்சுப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பிழையற்ற பதிப்பு ஒன்றைத் தொடங்கலாம். அவர்களுக்கு வயதாகிறது, இப்பணி காத்திருக்கக் கூடியதன்று. மற்றது, கவிஞர்கள் ஒரு காட்சியையேனும் பாட்டால் எழுதிப் பார்ப்பது. விஸ்வநாததாஸின் இறுதி இரவே ஒரு நாடகத்துக்குப் போதுமான பொருள். வேடம் புனைந்து மயிலேறும் முன்னர் அவர் என்ன பாடியிருப்பார்? திரைக்குப் பின்னே ஒருத்தி நடிக்க மறுத்தபோது அவர் உள்ளம் என்ன சொல்லியிருக்கும்? அங்கே பேச்சு போதாது, பாட்டு வேண்டும். அப்பாட்டு இன்னும் எழுதப்படவில்லை.

மகாவித்துவான் இல்லத்துத் திண்ணையில் பாரதியார் பாடியபோது கதவின் இருபுறமும் தமிழே இருந்தது. உள்ளே இலக்கணம் கற்ற தமிழ். வெளியே வெயிலில் காத்திருந்த தமிழ். பிள்ளையவர்களின் பெருமை அவர் இயற்றிய புராணங்களில் மட்டும் இல்லை. தம் முடிவை மாற்றிக்கொண்டு பாயிரம் எழுதிய அந்த நாளிலும் இருக்கிறது. வள்ளி திருமணத்தின் பாட்டு இன்றும் ஏதோ ஒரு சிற்றூரின் பந்தலில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குரிய பாயிரத்தைத் தமிழ்க் கவிஞர்கள் எழுத வேண்டும்.